எழுதாதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?





சென்ற ரமலானுக்குச் சில வாரங்களுக்கு முன், செஞ்சியில் எங்கள் குடும்பத்து மூத்தவர்கள் ஒரு வீட்டில் கூடினார்கள். நிலத் தகராறும் இல்லை. நிக்காஹ் பேச்சும் இல்லை. என் சின்னத்தாவின் மகள் எழுதி வைத்திருந்த இரண்டு நோட்டுப் புத்தகங்களே அன்றைய விவகாரம். அவற்றை நூலாக்க அவள் விரும்பினாள். அதைக் கைவிட வேண்டும் என்றும், கையெழுத்துப் பிரதியைப் பெரியவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்றும் முடிவு செய்யப்பட்டது. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை அவர்கள் முன்னிலையில் சொன்னேன். இப்போது அவளுடைய இசைவோடு உங்கள் முன்னும் வைக்கிறேன். நம்மில் எத்தனையோ வீடுகளில் இத்தகைய நோட்டுப் புத்தகம் ஒன்று எழுதப்படாமலோ எழுதிப் பூட்டப்பட்டோ கிடக்கிறது என்பதே காரணம்.

அந்த நோட்டுகளில் உள்ளது இதுதான். 1983ஆம் ஆண்டு; அவளுக்கு வயது ஆறு, தம்பிக்கு நான்கு. சின்னத்தா ஊரில் மதிக்கப்பட்டவர். பஜ்ரு ஜமாஅத்தைத் தவறவிடாதவர். ஏழைகளுக்குக் கொடுப்பதில் தாராளமானவர். வீட்டுக்குள் அவர் கை மனைவியின் மீது ஓங்காத வாரம் இல்லை. ஓர் இரவு ஒரே மூச்சில் மூன்று தலாக் சொன்னார். விடிவதற்குள் அந்தப் பெண்மணி பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டார். விழித்தெழுந்து அம்மாவைத் தேடிய பிள்ளைகளிடம், "அம்மா மௌத்தாகிவிட்டாள்" என்று சொல்லப்பட்டது. அந்தப் பொய்க்கு உறுதி சேர்க்க வீட்டில் யாசீனும் ஓதப்பட்டது.

அன்று முதல் 21 ஆண்டுகள், ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் தன் தாயின் மஃபிரத்துக்காக அந்தப் பெண் துஆச் செய்தாள். தாயோ, பேருந்தில் மூன்று மணி நேரத் தொலைவில், உயிரோடு இருந்தார். 2004இல் ஒரு திருமண வீட்டில், முன்பின் அறியாத மூதாட்டி ஒருவர் அவள் முகவாயைத் தொட்டு, "உன் அம்மாவை உரித்து வைத்தாற்போல் இருக்கிறாய். அவள் நலமா?" என்று கேட்ட பிறகே உண்மை வெளிவந்தது. தாயும் மகளும் சேர்ந்திருக்க அல்லாஹ் ஏழு ஆண்டுகளை அளித்தான். 2011இல் தாயும், 2016இல் தந்தையும் மறைந்தனர். தன் மகளுக்கு வயது வந்தபோது, "நன்னியைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?" என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடையாகவே இந்த எழுத்து பிறந்தது.

இனி, அன்றைய கூட்டத்தில் எழுப்பப்பட்ட ஆட்சேபங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அவை அனைத்தும் மார்க்கத்தின் பெயரால் எழுப்பப்பட்டவை. ஆகவே மார்க்கத்தைக் கொண்டே அவற்றை எடைபோடுவோம்.

முதல் ஆட்சேபம்: "இது புறம் பேசுதல், ஹராம்." புறம் பேசுவது சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பானது என்று சூரத்துல் ஹுஜுராத் (49:12) எச்சரிப்பதை நானும் அஞ்சுகிறேன். ஆயினும் அதே குர்ஆன், தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறும் இடத்திலேயே அநீதி இழைக்கப்பட்டவருக்கு விலக்கு அளிக்கிறது (4:148). இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களை வரிசைப்படுத்துகிறார்கள். அவற்றுள் முதலாவது, அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவது. ஹிந்த் (ரலி) அவர்கள் தம் கணவர் அபூஸுஃப்யான் (ரலி) அவர்களின் கஞ்சத்தனத்தை நபி (ஸல்) அவர்களிடம் எடுத்துச் சொன்னபோது, புறம் பேசாதே என்று அவர்கள் தடுக்கவில்லை. அவருக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமாகப் போதுமானதை எடுத்துக்கொள்ள வழி சொன்னார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

முறையீடு என்பது நீதிபதியிடம் மட்டுமே செய்ய வேண்டியது, நூலில் அன்று என்று நம் பெரியவர் ஒருவர் மறுத்துரைத்தார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பிள்ளை எந்த நீதிபதியிடம் போயிருக்க முடியும்? ஆறு வயதுக் குழந்தைக்கு இருந்த நீதிபதிகள் அவள் குடும்பத்துப் பெரியவர்களே. அவர்கள்தாம் பொய்க்குச் சாட்சிகளாக நின்றார்கள். வாயிற்கதவை அடைத்துவிட்டு, ஏன் வாயில் வழியே வரவில்லை என்று கேட்பது நியாயமாகுமா?

இரண்டாம் ஆட்சேபம்: "ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான்." ஆம், ஸஹீஹான ஹதீஸ். ஆனால் எந்தக் குறையை? ஒருவர் தமக்கும் தம் இறைவனுக்கும் இடையே செய்துகொண்ட பாவத்தை மறைப்பது சிறப்பு. பிறருக்குத் தீங்கிழைப்பவரை மறைப்பதற்கு அந்தச் சிறப்பு இல்லை என்று ஸஹீஹ் முஸ்லிமின் விளக்கவுரையில் இமாம் நவவீ (ரஹ்) அவர்களே வேறுபடுத்திக் காட்டுகிறார்கள். சின்னத்தா தனிமையில் செய்த பாவம் எதையும் இந்தப் பெண் எழுதவில்லை. தன் தாயின் உடல் மீதும், தன் வாழ்வின் மீதும் செய்யப்பட்டதையே எழுதுகிறாள். அடிபட்டவளின் காயத்தை மறைப்பதற்கு ஸத்ரு என்று பெயரிடுவது சொல்லுக்கும் செய்யும் அநீதி.

மேலும், மறைக்கப்பட்டது குறை மட்டுமா? தலாக் சொல்லப்பட்ட பெண்களை இத்தாக் காலத்தில் அவர்களுடைய இல்லங்களிலிருந்து வெளியேற்றாதீர்கள் என்பது அல்லாஹ்வின் கட்டளை (65:1). தாயையும் பிள்ளையையும் பிரிப்பவரை மறுமையில் அல்லாஹ் அவருடைய அன்புக்குரியோரிடமிருந்து பிரிப்பான் என்ற எச்சரிக்கை திர்மிதீயில் பதிவாகியுள்ளது. இந்த இரண்டையும் அன்று எடுத்துச் சொல்ல எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. மார்க்கம் அப்போது நினைவுக்கு வரவில்லை. அவள் பேனாவை எடுத்தபோதுதான் வந்தது.

மூன்றாம் ஆட்சேபம்: "அவர் மௌத்தாகிவிட்டார். மரித்தோரை ஏசாதீர்கள் என்பது நபிமொழி." ஏசுவதற்கும் சாட்சி சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த சமுதாயம் நம்முடையது. ஹதீஸ் கலையின் அடித்தளமே அதுதான். இன்னார் பொய்யர், இன்னார் மறதிக்காரர் என்று மறைந்துபோன ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களைப் பற்றி நம் முன்னோர்கள் பெயர் சொல்லி எழுதி வைத்தார்கள். இமாம் புகாரியின் ஆசிரியர்களுள் ஒருவரான அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்கள், தம் சொந்தத் தந்தையையே பலவீனமான அறிவிப்பாளர் என்று அறிவித்தார்கள். தந்தையின் மீது அவர்களுக்கு அன்பில்லையா? இருந்தது. உண்மையின் மீதும் இருந்தது. நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள்; அது உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் சரியே என்று சூரத்துன் நிஸா (4:135) கூறும்போது, பெற்றோர் என்ற சொல்லை அல்லாஹ் வீணாகவா வைத்தான்?

அந்த நோட்டுகளை நான் முழுவதும் படித்தவன். அவற்றில் ஓர் ஏச்சும் இல்லை. காய்ச்சலில் கிடந்த மகளுக்காக இரவெல்லாம் விழித்திருந்த அத்தாவும் அதில் இருக்கிறார். பெருநாளன்று சட்டைத்துணி எடுத்துத் தந்த அத்தாவும் இருக்கிறார். அவரை அரக்கனாக்கிவிட்டால் எழுதுவது எளிது. அவள் அந்த எளிய வழியில் போகவில்லை.

நான்காம் ஆட்சேபம் நம்மில் பலருடைய நெஞ்சில் உள்ளது: "நாடு இருக்கும் நிலையில், இஸ்லாமியக் குடும்பத்தின் குறையை நாமே அச்சிட்டுக் கொடுத்தால் நம்மை வெறுப்பவர்கள் கொண்டாட மாட்டார்களா?" இந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன், அது காரணமற்றதன்று. ஆனால் மதீனாவின் நிலை என்ன? சூரத்துன் நிஸாவின் 105 முதலான வசனங்கள் இறங்கிய பின்னணியைத் தஃப்சீர் நூல்கள் சொல்கின்றன. முஸ்லிம்கள் எனப்பட்ட ஒரு குடும்பத்தார் தாங்கள் செய்த திருட்டைக் குற்றமற்ற ஒரு யூதர் மீது சுமத்த முயன்றார்கள். பகைவர்கள் சூழ்ந்திருந்த காலம் அது. சமுதாயத்தின் மானம் கருதி அந்த விஷயம் மூடப்பட்டிருக்கலாம். அல்லாஹ் மூடவில்லை. மறுமை நாள் வரை ஓதப்படும் வேதத்தில் அதை வைத்தான். பகைவரின் சிரிப்புக்கு அஞ்சி உண்மையை விடுவது நமக்குக் கற்பிக்கப்பட்ட வழி அன்று.

குடும்ப வன்முறை எந்த ஒரு மதத்தாரின் சொத்தும் அல்ல. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகள் கேட்கப்பட்டார்கள். மூவரில் இருவர் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானதாகத் தெரிவித்தார்கள். இது நாட்டின் நோய். அந்த நோய் நம் வீட்டில் இல்லை என்று நடிப்பதால் நம் மானம் உயர்வதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் மருந்தில்லாமல் போவதே மிச்சம்.

ஐந்தாம் ஆட்சேபம் மென்மையானது, ஆகவே அபாயமானதும் கூட: "நடந்தது நடந்துவிட்டது. ஸப்ரு செய், மறந்துவிடு." இதற்கு விடை தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சூரா யூஸுஃபைத் திறந்தால் போதும்.

வரலாறுகளில் அழகியது என்று அல்லாஹ்வே சிறப்பித்துத் தொடங்கும் அந்த வரலாறு (12:3) எதைப் பற்றியது? ஒரு நபியின் வீட்டில், ஒரு குழந்தைக்கு, அவனுடைய சொந்தச் சகோதரர்கள் இழைத்த கொடுமையைப் பற்றியது. அங்கும் பொய் இருக்கிறது. ஓநாய் தின்றுவிட்டது என்றார்கள். அந்தப் பொய்க்கு உறுதி சேர்க்கப் போலி இரத்தம் தோய்ந்த சட்டை இருக்கிறது. எங்கள் வீட்டில் ஓதப்பட்ட யாசீனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டை நினைவுக்கு வருகிறது.

அந்தத் தந்தை மறந்தாரா? யஃகூப் (அலை) அவர்களின் பொறுமை அழகிய பொறுமை. ஆனால் துக்கத்தால் கண்கள் வெளுத்துப்போகும் வரை அவர்கள் யூஸுஃபை நினைத்தார்கள் (12:84). இன்னும் யூஸுஃபையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, உடல் நலிந்து அழிந்துபோவீர்களே என்று அவர்களைக் கடிந்துகொண்டவர்கள் யார் (12:85)? அந்தக் கொடுமையைச் செய்த வீட்டார். சகோதரர்களே, இதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். மறந்துவிடு என்று சொல்பவர்களுள் எத்தனை பேருக்கு அந்த மறதியால் ஆதாயம் இருக்கிறது?

யூஸுஃப் (அலை) அவர்கள் மன்னித்தார்கள் அல்லவா என்று கேட்பீர்கள். மன்னித்தார்கள். இறுதியில் அல்லாஹ்வின் அருட்கொடைகளை எண்ணிச் சொல்லும்போது, சிறையிலிருந்து விடுவித்ததைக் கூறிக் கிணற்றைக் கூறாமல் விட்டார்கள் (12:100). சகோதரர்களை வெட்கப்படுத்தாதிருக்கவே அப்படிச் செய்தார்கள் என்று விரிவுரையாளர்கள் நயம் உரைக்கிறார்கள். ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில், யூஸுஃபுக்கும் அவர் சகோதரருக்கும் நீங்கள் செய்தது என்னவென்று தெரியுமா என்று நேருக்கு நேர் கேட்டார்கள் (12:89). அதன்பின் அவர்கள் தவற்றை ஒப்புக்கொண்டார்கள் (12:91). அதன்பின்பே மன்னிப்பு வந்தது (12:92). கிணறு சொல்லப்படாமல் விடப்பட்டது அதற்கும் பிறகு. நாமோ முதல் மூன்றையும் தாண்டிக் குதித்து, பாதிக்கப்பட்டவளிடம் கடைசி ஒன்றை மட்டும் கோருகிறோம்.

எங்கள் ஊர்க் கோட்டையிலும் ஒரு கிணறு உண்டு. ராஜகிரி அடிவாரத்தில், சக்கரக்குளத்தின் அருகே, பாறை மேல் இருக்கும் கைதிகள் கிணறு. மரண தண்டனை பெற்றவர்களை அதற்குள் தள்ளிப் பட்டினியால் சாகவிட்டார்கள் என்று வழிகாட்டிகள் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். 1714இல் மாண்ட தேசிங்கு ராஜனின் கதையும், அவர் தோழர் மஹபத் கானின் கதையும் இன்றும் நம் நாட்டுப்புறத்தில் பாடப்படுகின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தபோது ஊரே மகிழ்ந்தது. அரசர்கள் செய்த கொடுமைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கூசாமல் சொல்கிறோம். நம் வீட்டுக் கிணற்றுக்கு மட்டும் மூடி போட்டு, அதன் மேல் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்துகொள்கிறோம்.

எழுதுவதால் மனம் ஆறுமா என்று கேட்போருக்கு ஒரு தகவல். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம், தங்கள் வாழ்வின் கடும் துயரத்தைப் பற்றி எழுதினார்கள். எழுதிய உடனே அவர்கள் மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதனால் பட்ட உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் நோய்க்காக மருத்துவ நிலையத்தை நாடியது குறைந்தது. எழுத்து மருத்துவருக்கு மாற்றன்று. ஆயினும், மூடி வைப்பதே உடலுக்கு நல்லது என்ற நம் வீட்டு வைத்தியத்துக்குச் சான்று இல்லை.

தமிழ் முஸ்லிம் பெண்கள் எழுதுவது இன்று தொடங்கியதும் அன்று. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்களின் "காதலா? கடமையா?" நாவல் 1938இல் வந்தது, உ.வே.சாமிநாதையர் அதற்கு முகவுரை தந்தார். பிற்காலத்தில் திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியின் சல்மா, சிறுவயதிலேயே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டார். திருமணத்துக்குப் பின்னும் இரவில், பிறர் காணாமல், மறைந்து எழுதினார். அவருடைய கவிதைத் தொகுப்பு 2000இலும், "இரண்டாம் ஜாமங்களின் கதை" நாவல் 2004இலும் வெளிவந்தன. 2025இல் அவர் மாநிலங்களவை உறுப்பினரானார். அவர் எழுத்தின் கருத்துகளோடு நீங்கள் முரண்படலாம். எனக்கும் சில இடங்களில் முரண்பாடு உண்டு. என் கேள்வி வேறு. தான் கண்டு வாழ்ந்த வாழ்வைச் சொல்ல ஒரு பெண்ணுக்குப் புனைபெயரும், புனைகதையும், நள்ளிரவும் தேவைப்பட்டன என்றால், பகலில் நாம் அவளுக்கு என்ன கொடுத்திருந்தோம்?

எழுத முனைவோருக்கும் சில சொற்கள் உண்டு. உரிமை இருப்பதால் எல்லை இல்லை என்று ஆகிவிடாது. கண்டதை எழுதுங்கள்; ஊகித்ததை ஊகம் என்றே எழுதுங்கள். உங்கள் காயத்தைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் சகோதரியின் காயத்தைச் சொல்ல அவளுடைய இசைவு வேண்டும். உயிரோடிருப்போரின் பெயரையும் அடையாளத்தையும் இயன்றவரை மாற்றுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவின்படி, அவதூறு வழக்கில் உண்மை என்பதோடு பொது நன்மைக்காக வெளியிடப்பட்டது என்பதும் காட்டப்பட வேண்டும். ஆகவே அச்சுக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். முஸ்லிம் பெண்ணின் கண்ணீரை அட்டைப்படத்தில் ஒட்டி விற்கக் காத்திருப்போரும் உண்டு. அவர்களுக்காக ஒரு வரியையும் கூட்டி எழுதாதீர்கள். இன்றே ஒரு குழந்தை ஆபத்தில் இருக்குமாயின், அது நூலாகும் வரை காத்திருக்க வேண்டிய விஷயம் அன்று. 1098 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டிய விஷயம்.

முடிக்குமுன் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும்; இல்லையேல் மேலே சொன்ன எதையும் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. 1983இல் எனக்கு வயது 16. அந்த விடியற்காலையில் என் சின்னம்மாவின் துணிமூட்டையைப் பேருந்து நிலையம் வரை சுமந்து சென்றவன் நான். திரும்பி வந்தபோது அந்தச் சிறுமி வாசற்படியில் நின்று, "அண்ணே, அம்மா எங்கே?" என்று கேட்டாள். பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததை நான் சொன்னேன். 21 ஆண்டுகள் அவள் முன் அமர்ந்து உண்டேன், சிரித்தேன், பெருநாள் வாழ்த்துச் சொன்னேன். அவளுடைய நோட்டில் அந்தக் காலையும் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

அதைப் படித்தபோது நெஞ்சு வலித்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு என்று கேட்க நாவு துடித்தது. கேட்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அண்ணே, இந்த ஒரு சொல்லைத்தான் இத்தனை ஆண்டுகள் எதிர்பார்த்தேன்" என்றாள். நாற்பது ஆண்டுகளில் எங்கள் குடும்பம் அவளுக்குத் தந்த முதல் நீதி அது. தந்தது எங்கள் பெருந்தன்மை அன்று. அவள் எழுத்து எங்களிடமிருந்து பெற்றுக்கொண்டது.

பெரியவர்களே! அந்த நோட்டுகள் இன்னும் அவளிடமே இருக்கின்றன. அவற்றைக் கேட்டு இனி யாரும் அவள் வாசலுக்குப் போகாதீர்கள். உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எந்தப் பாவத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று கேட்கப்படும் நாள் ஒன்று உண்டு (81:8-9). அந்த நாளில் அவளே பேசுவாள். இங்கே அவளைப் பேசவிட்டு, மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பைப் பெற்றுக்கொள்வது நமக்கே நல்லது.

யா அல்லாஹ்! பிள்ளைகளிடம் நாங்கள் சொன்ன பொய்களை மன்னிப்பாயாக. அநீதி இழைக்கப்பட்டோரின் உள்ளங்களுக்கு ஆறுதல் அளிப்பாயாக. எங்களுக்குப் பாதகமாயினும் உண்மைக்குச் சாட்சி நிற்கும் துணிவை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.